கண்டி வீதியில் ஒரு காணி

கண்டியில் தொடங்கி மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேரும் ஏ-9 நெடுஞ்சாலையை வடக்கில் இருப்பவர்கள் கண்டி வீதி என்பார்கள். கண்டிப் பக்கத்தவர்களான எங்களுக்கு அது கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரைக்கும் ஒரு சாதாரண பஸ் ரோடு. அதற்கு அப்பால் மாத்தளை ரோடு. 300 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த வீதி, ஆனையிறவையும் பளையையும் தாண்டி முகமாலைக்குள் நுழைகிறது. 2000ஆம் ஆண்டு ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்த பிறகு 2008 நவம்பர் வரை இராணுவமும் புலிகளும் அங்கே முன்னரங்கு அமைத்து எதிரெதிரே நின்றார்கள். 2002இல் போர்நிறுத்தம் வந்தபோது வீதி திறந்தது. வீதிக்கு இருபுறமும் இருந்த காணிகள் திறக்கவில்லை. 2006 ஓகஸ்டில் வீதியும் மூடிக்கொண்டது.

நான் கலஹாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். வீதியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வேலைக்குப் போனேன். வெடிக்காத வெடிபொருட்களும் மிதிவெடிகளும் இருக்கக்கூடிய நிலத்தை ஆய்வு செய்யும் வேலை. முகக்கவசம் போட்டு, முழங்காலில் அமர்ந்து, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் பணியாளர்களின் படத்தைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எந்த இடத்தில் அமர வேண்டும், எந்த இடத்தில் அமரத் தேவையே இல்லை என்று முன்கூட்டியே போய்க் கோடு போட்டு வருகிறவர்கள் நாங்கள். எங்களை யாரும் படம் எடுப்பதில்லை. பெரும்பாலும் யாராவது வீட்டு முற்றத்தில் பேசிக்கொண்டிருப்போம். ஆனால் அந்தக் கோடு பிழைத்தால் பின்னால் வருகிற அத்தனையும் பிழைக்கும். கோடு போடக் கற்றுத்தந்தவர் எங்கள் குழுத் தலைவி. பளைப் பக்கத்தவர். எல்லோருக்கும் அவர் அக்கா.

முதலில் வகுப்பறைப் பயிற்சி. மேசையில் வெடிமருந்து நீக்கிய மாதிரிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். 60, 81 மில்லிமீட்டர் மோட்டார் எறிகணைகள், ஆர்.பி.ஜி., கைக்குண்டுகள், பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 மிதிவெடி, சீனத் தயாரிப்பான டைப்-72, புலிகள் சிறு மரப்பெட்டியில் செய்த ஜொனி. எறிகணையைத் தூக்கும்போது அதன் கனமே ஆளை எச்சரிக்கிறது. பி-4 அப்படியில்லை. உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினால் மறைந்துவிடும். கனம் என்று சொல்ல எதுவும் இல்லை. உள்ளே சுமார் 30 கிராம் வெடிமருந்து. பிளாஸ்டிக் உடல், மிகக் குறைந்த உலோகம் என்பதால் கருவிக்கும் எளிதில் அகப்படாது. அக்கா என் கையிலிருந்து அதை வாங்கி மேசையில் வைத்தார். "இதைத் தேடிப் பிடிக்கிறது உம்மட வேலை இல்லை, பிள்ளை. இதை வைச்சவன் எங்க நிண்டான் எண்டு தேடுறதுதான் உம்மட வேலை" என்றார். அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை.

வெளியே இறங்கியதும் திசை தொலைந்தது. மலையில் வளர்ந்தவர்களுக்குத் திசை என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருள். ஹந்தானை அந்தப் பக்கம், நக்கிள்ஸ் இந்தப் பக்கம், தண்ணீர் ஓடுகிற பக்கம் பள்ளம். முகமாலையில் மணலும் வடலியும் தலையறுந்த பனைகளும் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுபோல இருந்தன. திசைகாட்டியின் வளையத்தில் கட்டைவிரலைக் கோத்துக் கண்ணருகே பிடித்தால், என் மூச்சுக்கே முள் ஆடியது. கையை நிலைப்படுத்த பிக்கப் வண்டியின் பொனட்டில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். முள் உடனே அடங்கியது. எனக்குப் பெரிய சந்தோஷம். அக்கா என் தோளைப் பிடித்து வண்டியை விட்டுத் தள்ளிக் கூட்டிப்போய், அதே பனையை மறுபடி பார்க்கச் சொன்னார். 10 பாகைக்கு மேல் வித்தியாசம். வண்டியின் இரும்பு முள்ளை இழுத்திருக்கிறது. 100 மீட்டர் தூரத்தில் 10 பாகை பிசகினால் எல்லைக்கல் 17 மீட்டர் தள்ளி நிற்கும். அந்த 17 மீட்டருக்குள் ஒரு குடும்பத்தின் கிணறு இருக்கலாம், ஒரு மிதிவெடி வரிசையும் இருக்கலாம். முள் அசையாமல் நிற்பதும் சரியாக நிற்பதும் வேறு வேறு என்பது அன்று கையில் ஏறியது. இப்போதும் திசைகாட்டியை எடுக்கும்போது முதலில் கைபேசியைத் தூர வைத்துவிடுவேன்.

காலடி அளப்பதிலும் அதே கதை. 100 மீட்டருக்கு எனக்கு எத்தனை காலடி என்று தார் வீதியில் பழகிவைத்திருந்தேன். மணலில் பாதம் புதையப் புதைய கணக்கு மாறியது. தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கிப் பழகிய கால் எட்டி வைக்கத் தயங்கும். சிறு சிறு அடியாகவே வைக்கும். அளவுநாடாவைப் பிடித்தாலோ காற்று அதை வில்லாக வளைத்துவிடும். நாடாவின் இழுவை விரலில் ஒரே சீராகத் தெரியும்வரை அக்கா எண்ணைச் சொல்லவிடமாட்டார்.

கைப்பட வரைகிற படமும் எனக்கு வராமல் அடம்பிடித்தது. ஒரு காணியின் படத்தில், தொடக்கப் புள்ளி "பெரிய ஈச்சம் பற்றைக்குப் பக்கத்தில்" என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா எதுவும் சொல்லாமல் வாங்கிவைத்துக்கொண்டார். சில வாரங்கள் கழித்து அதே படத்தை என்னிடம் தந்து, அந்தப் புள்ளியை எடுத்துக்காட்டச் சொன்னார். பற்றையை யாரோ எரித்திருந்தார்கள். ஜீ.பி.எஸ். கருவி இருக்கிறதே என்று சமாளித்தேன். கைக்கருவி சில மீட்டர் அங்கே இங்கே காட்டும். அந்தச் சில மீட்டருக்காகத்தான் படமே வரைகிறோம். மதகு, கிலோமீட்டர் கல், கோயில், கட்டுக்கிணறு என்று பத்து வருடம் கழித்தும் நிற்கக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்கு என்பதே பாடம். வருகிறவன் என்னைக் கேட்காமலே என் கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவை கைப்பழக்கம். வந்துவிடும். கேள்வி கேட்கப் பழகியதுதான் மிகக் கடினம்.

நிலத்தில் கால் வைக்காமல் செய்யும் ஆய்வுதான் எங்கள் வேலையின் முதல் கட்டம். ஊர் திரும்பிய விவசாயி, விறகுக்குப் போகிறவர், மாடு மேய்ப்பவர், பழைய இரும்பு பொறுக்குபவர், கிராம அலுவலர், முன்பு இரண்டு தரப்பிலும் இருந்தவர்கள் என்று தெரிந்தவர்களை எல்லாம் கேட்டு, சந்தேகம் உள்ள நிலத்தையும் ஆபத்து உறுதியான நிலத்தையும் பிரிப்போம். சந்தேகம் தீராத இடத்துக்கு அடுத்த கட்டமாகக் கருவியோடும் வாரியோடும் ஆட்கள் உள்ளே இறங்குவார்கள். நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "இங்க மிதிவெடி இருக்குதா?" என்று கேட்டேன். துப்புரவு செய்து தரட்டும் என்று நினைத்தவர்கள் இருக்கிறது என்றார்கள். காணியை மூடிவிடுவார்களோ என்று பயந்தவர்கள் இல்லை என்றார்கள். படிவம் நிறைந்தது. அதில் ஆதாரம் என்று ஒரு வரிகூட இல்லை.

பழைய இரும்பு பொறுக்கும் ஒருவரிடம் போனபோது இன்னும் மோசம். அவருக்குத் தெரிந்த அளவு அந்தக் காட்டை வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் நான் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பேனா ஓடுவதைப் பார்த்தார்; பேச்சு சுருங்கியது; தான் அந்தப் பக்கமே போனதில்லை என்று முடித்துவிட்டார். அக்கா என் கொப்பியை எடுத்து மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய சைக்கிளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். டயர் எங்கே பஞ்சராகிறது, முள்ளுக்கம்பி எங்கே கிடக்கிறது, எந்தத் தடத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவார், எந்த இடத்தோடு திரும்பிவிடுவார். "அதுக்கங்கால ஏன் போறேல்ல, அண்ணை?" அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அங்கே ஒரு கட்டை வரிசையும் கம்பியும் கண்டதாகச் சொன்னார். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

அவர் எழுந்து, "வாங்கோ காட்டுறன்" என்றார். நானும் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து அமர்த்தினார். தகவல் சொல்பவரைச் சந்தேக நிலத்துக்குள் நடக்கவிடக் கூடாது. பாதுகாப்பான இடத்தில் நின்று கையை நீட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். நமக்கு உதவி செய்யப் போய் ஒருவர் கால் போனால், அந்தத் தகவலுக்கு எந்த மதிப்பும் இல்லை. பயிற்சியில் மனப்பாடம் செய்த விதிதான். ஆனாலும் நல்ல தகவல் கிடைத்த சந்தோஷத்தில் கால் தானாக எழுந்துவிடுகிறது. அந்தக் காலை அடக்க எனக்கு நிறைய நாள் எடுத்தது.

நான் தனியாகப் போட்ட முதல் எல்லை அகலமானது. கட்டை வரிசை, ஒரு பழைய வெடிப்புக் குழி, மாடு ஒன்று செத்த இடம், மூன்றையும் வைத்து, பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று நாலா பக்கமும் தள்ளிப் போட்டேன். பொறுப்பாக நடந்துகொண்டேன் என்ற நிறைவோடு கொடுத்தேன். அக்கா பென்சிலால் ஒரு பக்கத்தைத் தட்டி, இந்தக் கோட்டுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பக்கம் யாருடைய காணி என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"உங்கட தோட்டத்தில ஒரு வீட்டுக்கு எவ்வளவு காணி குடுக்கினம்?"

"7 பேர்ச், அக்கா."

"நீர் இப்ப ஒரு மனுசியிட்ட இருந்து அதைவிடப் பல மடங்கு எடுத்திட்டீர். சிவப்புப் பலகை ஒருக்கா ஏறினால் எத்தனை வருசம் நிக்கும் தெரியுமோ?"

அதன்பிறகு அந்தக் காணிக்காரியின் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். தகரக் கொட்டிலில் இருந்தார். நாங்கள் எதற்கு வந்தோம் என்று அக்கா சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். லயத்துக் காம்பராவில், நான்கு தலைமுறை உழைத்தும் தனக்கென்று ஓர் உறுதிப்பத்திரம் இல்லாத வீட்டில் வளர்ந்த எனக்கு, ஒரு பென்சில் கோட்டால் இன்னொருத்தியின் காணியை எடுத்துவிட முடியும் என்பது உறைத்தது. போர் முடிந்த காலத்து முதற்கணிப்பில் வடகிழக்கில் 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் சந்தேக நிலம் என்றிருந்தார்கள். அடுத்தடுத்த ஆய்வில் அதில் பெரும்பகுதி கழிந்தது. தோண்டிக் கழித்தது அல்ல. கேட்டு, ஆராய்ந்து, ஆதாரம் இல்லை என்று எழுதிக் கழித்தது. அப்படிக் கழிக்கிற எழுத்துக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை அந்தத் தகரக் கொட்டிலிலிருந்து திரும்பும்போது யோசித்தேன்.

துணிவு கூடிப்போனது. அடுத்த எல்லையை ஆதாரத்தோடு ஒட்டி இறுக்கமாகப் போட்டேன். அக்கா நீண்ட நேரம் பார்த்தார், இரண்டு கேள்வி கேட்டார், பதில் சொன்னேன், கைச்சாத்து வைத்தார். பிறகு துப்புரவுக் குழு இறங்கியது. நோர்வே மக்கள் உதவி அமைப்பு இலங்கையில் வளர்த்தெடுத்த வாரி முறை இங்கே மணலுக்கு நன்றாகப் பொருந்தும். நீண்ட கைப்பிடியுள்ள வாரியால் மண்ணை மெல்ல மெல்லத் தன்பக்கம் இழுத்து, மிதிவெடியைப் பக்கவாட்டில் வெளிக்கொண்டுவருவார்கள். வரிசை நான் சொன்ன இடத்திலேயே இருந்தது. ஆனால் என் கோட்டின் கிழக்கு மூலையில் அது முடியவில்லை. அங்கே திரும்பி, கோட்டுக்கு வெளியே போனது.

யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. கடைசியாகக் கண்டெடுத்த வெடியிலிருந்து குறித்த தூரத்துக்குத் தொடர்ந்து தேடியே நிறுத்த வேண்டும் என்ற விதி இருப்பதால் அவர்கள் நிற்காமல் போனார்கள். ஆனாலும் என் கோட்டுக்கு வெளியே எடுத்த பி-4களை, அழிப்பதற்கு முன் தூரத்தில் நின்று பார்த்தபோது என் கைகள் குளிர்ந்துவிட்டன. அக்கா ஏசவில்லை. அன்று பின்னேரம் என் பழைய கொப்பியை எடுத்து, நான் எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டினார்: ரோடு போட மண் தேவைப்பட்டபோது டோசர் வந்து பழைய முன்னரங்கு மண் அணையில் கொஞ்சம் அள்ளிப்போனது என்று ஒருவர் சொல்லியிருந்தார். நான் அதைக் கேட்டேன், எழுதினேன், யோசிக்கவில்லை. அணை அந்த இடத்தில் வளைந்திருந்தது; அதற்கு முன்னால் வைத்த வரிசையும் கூடவே வளைந்தது. வளைவை அள்ளிவிட்டதால் மிச்சம் இருந்ததை நேர்கோடு என்று நம்பிவிட்டேன்.

மறுநாள் ஏற்கெனவே துப்புரவு செய்து முடித்த ஒரு மண் அணைக்குப் பின்னால் என்னைக் குந்தச் சொன்னார். பழைய காவலரண், மக்கிய மண்மூட்டைகள், பனங்குற்றிகள். "நீர்தான் இப்ப சென்றி. இரவு. பயம். எங்கால வருவான் எண்டு பாக்கிறீர்?" நான் பார்த்தேன். முன்னால் ஒரு வெட்டை. அதைக் கடந்து யார் வந்தாலும் தெரியும். இடப்பக்கம் ஒரு தாழ்வு, வடலி மறைவு. அங்கே வந்தால் தெரியாது. "அங்க," என்றேன். "அப்ப அங்கதான் வைச்சிருப்பான்." மண்ணை எந்தப் பக்கம் வெட்டி எந்தப் பக்கம் குவித்திருக்கிறார்கள், சுடும் துவாரம் எங்கே பார்க்கிறது, பனையில் சன்னத் தழும்பு எந்தப் பக்கத்தில் மட்டும் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. அதுவரை நான் வெடிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். வகுப்பறையில் அக்கா சொன்னதன் பொருள் அந்த மண்மூட்டைக்குப் பின்னால் குந்தியபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பயந்த ஒரு மனிதனின் கண்ணால் பார்த்தால் நிலம் தானே சொல்லிவிடுகிறது. அதன்பிறகு என் கேள்விகளும் மாறின. வெடி எங்கே என்று கேட்பதை விட்டு, யார் எங்கே நின்றார்கள், எதைப் பார்த்து நின்றார்கள் என்று கேட்டேன்.

கிளிநொச்சியில் மலையாளபுரம், பாரதிபுரம் போன்ற ஊர்களில் எங்கள் மலையகத்துச் சனம் நிறைய. 1958 கலவரம், எழுபதுகளின் நடுவில் தோட்டங்களில் வந்த பட்டினி, 1977 கலவரம் என்று ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் பேர் கண்டி, மாத்தளைப் பக்கம் இருந்து இறங்கி வந்து, காடு வெட்டி, கிணறு தோண்டி ஊராக்கியவர்கள். அந்தப் பக்கத்தில் ஒரு முதியவரின் காணிக்கு, நானே முன்னின்று ஆய்வு செய்யும்படி அக்கா என்னை அனுப்பினார். நான் வாய் திறந்ததும் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம் புள்ள, நீ எந்தத் தோட்டம்?"

கலஹாப் பக்கம் என்றேன். அவர் புசல்லாவை. எழுபத்தேழில் வந்தவர். கொப்பியைத் திறக்காமல் உட்கார்ந்தேன். எந்த மரத்தை அவரே வெட்டினார், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், 2009இல் போர் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது எது எது மாறியிருந்தது என்று பின்னேரம் வரை சொன்னார். காணியின் பெரும்பகுதியில் மாடு வருடக்கணக்காக மேய்ந்திருக்கிறது. அவர் மகன் உழவு மெஷினால் உழுதிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்களும், கிராம அலுவலரும், முன்பு அந்தப் பகுதியில் இருந்த ஒருவரும் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனது. காவலரணும் அதன் மண் அணையும் கிணற்றுக்கு மேற்கே இருந்தன. அவை பார்த்தது மேற்கை. ஒரே ஒரு மூலையை மட்டும் அவர் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். மாடு அங்கே ஒருமுறை வெருண்டு ஓடியது என்றார். வேறு காரணம் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அறிக்கையில் அந்த மூலையைத் தவிர்த்து மற்ற நிலம் முழுவதையும் ஆபத்துக்கு ஆதாரமற்றது என்று எழுதினேன். அக்கா எல்லாத் திருப்பப் புள்ளிகளையும் தானே போய்ச் சரிபார்த்தார். ஒரு பாகைகூட மாற்றவில்லை. "சரி" என்றார். அவர் வாயில் அது எவ்வளவு பெரிய சொல் என்பது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

முடிவைச் சொல்லப் போனபோது முதியவர் சந்தோஷப்பட்டார். உடனே அந்த மூலையையும் எழுதித் தரச் சொன்னார். கச்சான் போட அதுதான் நல்ல மண்ணாம். மாடு எதையாவது பார்த்து வெருண்டிருக்கும், பாம்பாக இருக்கும் என்றார். நம்ம ஊர்ப் புள்ள இதைச் செய்யக் கூடாதா என்றும் கேட்டார். நான் அவருக்கு அணை பார்க்கும் திசையைக் காட்டினேன். அந்த மூலைப் பக்கம் போகும் அதன் தென்கோடி எங்கே முடிகிறது என்று இன்னும் எவரும் உறுதியாகச் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன். "மூலையைக் கழிக்க என்னிடம் ஆதாரம் இல்லை, தாத்தா. சேர்த்துக்கொள்ளக் கொஞ்சம் இருக்கிறது" என்றேன். அவருக்கு மனவருத்தம்தான். வாசல் வரை வரவில்லை.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. மிதிவெடி இருப்பதாகத் தெரிந்த நிலம் முழுவதையும் 2028 யூன் 1க்குள் துப்புரவாக்க வேண்டும். ஹலோ டிரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளும் இராணுவத்தின் பிரிவும் அதற்காக இன்னும் வாரியோடு நிற்கின்றன. முதியவரின் மூலையை அடுத்த கட்ட ஆய்வுக்கு முன்னுரிமை என்று குறித்து அனுப்பியிருக்கிறேன். கச்சான் விதைக்கும் பருவத்துக்கு முன் குழு அங்கே இறங்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறேன். எல்லைக் கட்டைகளை நானும் அக்காவும் ஊன்றினோம். தொடக்கப் புள்ளி அவருடைய கட்டுக்கிணறு.